பிரெட்னிசொலோனுடன் குடித்தனம்

லூப்பஸ் வருத்தம் எனது சிறுநீரகங்களையும் தொட்டுவிட்டது என்று பரிசோதனைகளில் உறுதியானபோது, எழுதித் தரப்பட்ட மருந்துகளில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட்டே முதல் வரியில் இருந்தது. ஐந்து மில்லிகிராம் குளிசைகளில் எட்டு, அதாவது நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய் லூப்பஸ். ஆண்களைவிடப் பெண்களையே அது பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. அதற்குரிய மற்ற மருந்துகள் வேலை தொடங்க வாரங்களும் மாதங்களும் ஆகும். அதுவரை சிறுநீரகம் பொறுத்திருக்காது என்பதால், வேகமாகப் பலன் தரும் ஸ்டெரொயிட்டைத் தவிர்க்க வழியில்லை என்று வைத்தியர் சொன்னார்.

இப்போது அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் குளிசை முற்றாக நிற்கவில்லை. இந்த ஆண்டுகளில் எனக்குத் தெளிவான விடயம் ஒன்று உண்டு. ஊரார் கண்ணில் படுகின்ற பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை, குளிசை குறையக் குறையத் தாமாகவே விலகிக் கொள்கின்றன. யார் கண்ணிலும் படாதவையே தேடிப் பார்த்துக் கவனிக்கப்பட வேண்டியவை. நாமோ முகத்தைப் பார்த்து அழுவதிலேயே பாதிக் காலத்தைக் கழித்துவிடுகிறோம்.

முகத்தைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். குளிசை தொடங்கிச் சில வாரங்களில் கன்னங்கள் உப்பிக் கண்கள் சிறுத்தன. பிடரியில் சிறு திரட்சி விழுந்தது. வயிறு முன்தள்ள, கைகால்கள் மட்டும் மெலிந்து போயின. ஸ்டெரொயிட் உடற்கொழுப்பை இடம் மாற்றி வைக்கிறது. அத்துடன் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. ஆகையால் பட்டினி கிடந்தால் முகம் வற்றிவிடும் என்று நினைப்பது வீண். மட்டக்களப்பில் ஒருவருடைய உடம்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்வது சுகம் விசாரிப்பதன் ஒரு வகை. கலியாண வீட்டுப் பந்தலில் தூரத்து மச்சாள் ஒருத்தி, நாலு பேர் கேட்க, "என்னகா, முகமெல்லாம் இப்படி ஊதிக் கிடக்கு?" என்றாள். அவளுக்கு என்மேல் ஒரு வன்மமும் இல்லை. "மருந்தாலகா. வருத்தம் குறைஞ்சா வத்திரும்" என்று நான் சொன்னதும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தனது முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மறைக்க முயன்றால்தான் கேள்வி நீள்கிறது. ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அளவு 10 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பின், சில மாதங்களில் பழைய முகம் திரும்பியது. தொடையில் விழுந்த கோடுகள் மாத்திரம் வெளிறி நிற்கின்றன.

இந்த மருந்தின் வரலாற்றிலும் நன்மையும் தொல்லையும் கூடவே வந்திருக்கின்றன. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டு அழற்சியால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு, இதே வகை ஸ்டெரொயிட்டான கோர்ட்டிசோனை முதன்முதலாக ஊசியாக ஏற்றினார். சில நாட்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். ஹென்சுக்கும், இந்த வகை ஹோர்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலத்திலேயே, அதிக அளவில் தொடர்ந்து ஊசி ஏற்றப்பட்டவர்களிடம் உருண்ட முகமும் மனக்குழப்பமும் தோன்றத் தொடங்கியிருந்தன. பிரெட்னிசொலோன் அதற்குப் பின்னர், 1950களின் நடுவில் வந்தது.

கண்ணில் படாதவற்றுள் முதலாவது இரத்தச் சீனி. எனது குடும்பத்தில் நீரிழிவு இல்லை. வெறுவயிற்றில் எடுக்கப்பட்ட இரத்தப் பரிசோதனையும் ஒவ்வொரு முறையும் நன்றாகவே வந்தது. ஆனால் பின்னேரங்களில் நா வறண்டது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் இதைச் சொன்னபோதுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்துச் சோதிக்கச் சொன்னார்கள். சீனியின் அளவு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. காலையில் விழுங்கும் பிரெட்னிசொலோன் இரத்தச் சீனியைப் பெரும்பாலும் மத்தியானத்திலிருந்து இரவு வரைதான் உயர்த்துகிறது. விடியும்போது அது இறங்கிவிடுகிறது. வெறுவயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இந்தச் சீனி அகப்படாமலே போகலாம். ஸ்டெரொயிட் எடுக்கின்ற எவரும் சாப்பாட்டுக்குப் பிந்திய பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நான் காணும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

நமது ஊர்ச் சாப்பாட்டு ஒழுங்கு இதற்கு நேர் எதிராக அமைந்திருப்பதுதான் தொல்லை. மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, மீன் குழம்பு, சொதி, பொரியல், அதன்மேல் கட்டித் தயிரும் சீனியும் என்று, சீனி ஏறும் வேளை பார்த்தே பெரிய சாப்பாட்டையும் சாப்பிடுகிறோம். நான் சோற்றை நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் சோற்றை நிறுத்தச் சொல்பவரின் அறிவுரையை யாரும் ஒரு கிழமைக்கு மேல் கேட்கமாட்டார்கள். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, கோப்பையின் மற்றப் பாதியைக் கீரைச் சுண்டலாலும் மரக்கறியாலும் மீனாலும் நிரப்பினேன். மாச்சத்துக் கூடிய உணவை, குரக்கன் பிட்டோ சிவப்பரிசி இடியப்பமோ, காலைக்கு மாற்றினேன். எருமைத் தயிரை விடவில்லை, சீனியைத்தான் விட்டேன். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டால் தயிர் சோற்றோடு நன்றாகவே இறங்கும். கருவாடும் அச்சாறும் உப்புக்காக வீட்டை விட்டு வெளியேறின. கருவாட்டை விட்டதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. சில காலம் சீனியைக் குறைக்கும் மெட்போமின் குளிசையும் வேண்டியிருந்தது. ஸ்டெரொயிட் குறைந்தபோது வைத்தியரே அதையும் குறைத்து நிறுத்தினார்.

பசியைச் சொல்லாமல் விட முடியாது. அது வயிற்றில் பிறக்கின்ற பசி அன்று. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையைப் பற்றி நினைக்க வைக்கின்ற பசி. வீட்டில் பிஸ்கட் வாங்குவதை நிறுத்தி, அவித்த கடலையும் கொய்யாக்காயும் வெள்ளரிக்காயும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். நித்திரையும் கெட்டது, இரவு இரண்டு மணிக்கு விழித்து அலுமாரி அடுக்கியிருக்கிறேன். குளிசையைக் காலை எட்டு மணிக்கு முன்பே எடுத்துவிடுவது இதற்கு ஓரளவு உதவுகிறது, ஏனெனில் உடல் தனது சொந்த ஸ்டெரொயிட்டான கோர்ட்டிசோலை அதிகமாகச் சுரப்பதும் விடியற்காலையில்தான். காரணமில்லாத கோபமும் கண்ணீரும் வரும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மனம் அளவுக்கு மீறிக் குதூகலித்தாலும், வாழ்க்கையே வேண்டாமென்று தோன்றினாலும், அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள் வரை அதைப் பொத்தி வைத்திருக்கக் கூடாது.

தசையும் எலும்பும் மெதுவாகக் கெடுவதால் ஏமாற்றுகின்றன. கோயிலில் நிலத்தில் இருந்துவிட்டு எழும்ப முடியாமல் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்தபோதும், கொடியில் சேலை காயப்போடக் கை உயராதபோதும், அதை இரத்தக் குறைவு என்றே வீட்டில் எண்ணினார்கள். தொடையிலும் தோள்மூட்டைச் சுற்றியும் உள்ள பெரிய தசைகளைத்தான் ஸ்டெரொயிட் முதலில் மெலியச் செய்கிறது. அதில் வலி இருக்காது, பலம் மாத்திரம் குறையும். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கும் எளிய பயிற்சியை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டித் தந்தார். நாளுக்கு இரண்டு வேளை அதைச் செய்கிறேன். நடைக்குக் கல்லடிக் கடற்கரை. ஆனால் லூப்பஸ் உடம்புக்கு வெயில் ஆகாது என்பதால், பொழுது ஏறுமுன் போய்வந்துவிட வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு விற்றமின் டி குளிசை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனது மகள் சிரிப்பாள்.

எலும்பின் அடர்த்தி மிக வேகமாகக் குறைவது ஸ்டெரொயிட் தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள்தான். எலும்புக்கான பாதுகாப்பை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். நோவு வரட்டும் பார்ப்போம் என்று இருந்தால், முதல் நோவு முள்ளந்தண்டு எலும்பு நசிந்ததன் நோவாகவே இருக்கக்கூடும். எனக்குக் கல்சியமும் விற்றமின் டியும் தரப்பட்டன. எனது வயதையும் அளவையும் பார்த்து, கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசையும் சேர்க்கப்பட்டது. அதை வெறுவயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமலும் ஒன்றும் உண்ணாமலும் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சாப்பாட்டில் கல்சியத்துக்கு, முள்ளோடு சாப்பிடக்கூடிய பச்சை நெத்தலி எங்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது; முருங்கையிலைச் சுண்டலும் உண்டு. இடுப்பிலோ கவட்டிலோ விடாத வலி இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது சிதைவதும் இந்த மருந்தால் நேரக்கூடியது. மூட்டு நோவுக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. பிரெட்னிசொலோனுடன் சேரும்போது அது இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். எனது சிறுநீரகத்துக்கோ அது நஞ்சுதான்.

தொற்றுகளைப் பற்றி எழுதும்போது கொப்புளிப்பானைத்தான் முதலில் வைக்க வேண்டும். எங்கள் ஊர்களில் அது அம்மாள் வருத்தம். வேப்பிலை கட்டி, கவிச்சி ஒதுக்கி, வந்தவளைக் குளிர்விக்க வேண்டும் என்பது வழக்கம். வைகாசி மாதத்துக் கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்திப் பாடல் கேட்டு வளர்ந்தவள் நான், அதில் எனக்குள்ள பக்தி குறையவில்லை. ஆனால் அதிக அளவில் ஸ்டெரொயிட் எடுக்கும், முன்பு கொப்புளிப்பான் வந்திராத ஒருவருக்கு அந்தக் கிருமி நுரையீரலையும் ஈரலையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். பின்வீட்டுத் தங்கச்சி ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டே, "அக்கா, பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கு, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். இதைவிடப் பெரிய உதவியை அவள் எனக்குச் செய்திருக்க முடியாது. முந்திய நாள்தான் அந்தப் பிள்ளை எனது மடியில் இருந்திருந்தது. அன்றே கிளினிக்குக்குப் போன் எடுத்து விபரம் சொன்னேன். கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல், தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் சொன்னால்தான் தடுப்புச் சிகிச்சை கொடுக்க முடியும். அதற்கான தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், அதிக அளவு ஸ்டெரொயிட் எடுக்கும் காலத்தில் போடப்படுவதில்லை.

வயல் வேலை செய்பவர்களுக்கு வேறு எச்சரிக்கைகளும் உண்டு. வெறுங்காலுடன் நடக்கும்போது தோல் வழியே புகுந்து, ஆண்டுக்கணக்கில் குடலில் ஓசையின்றி வாழும் ஸ்ட்ரொஞ்சிலோயிடிஸ் என்ற புழு, ஸ்டெரொயிட் கிடைத்ததும் உடலெங்கும் பரவக்கூடும். சேற்று மண்ணிலும் நீரிலும் வாழும் பக்டீரியாவால் வருகின்ற மெலியோய்டோசிஸ், எலிக்காய்ச்சல் ஆகிய இரண்டும் இலங்கையில் உள்ள நோய்களே. மண்ணில் வேலை செய்கிறேன் என்ற ஒரு வசனத்தை வைத்தியரிடம் சொல்லாமல் விடக்கூடாது. இந்த மருந்து காய்ச்சலை அமுக்கி வைக்கும் என்பதால், உடம்பு சுடவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்வது எங்களுக்குக் கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் ஓர் அறிவுரை. "இந்த இங்கிலீசு மருந்தை விடு புள்ள, அது கிட்னியைத் தின்னும்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். எனது கிட்னியைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்த மருந்துதான் என்று அவர்களுக்கு விளக்குவது கடினம். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள், ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமமான கோர்ட்டிசோலை நாள்தோறும் தாமே சுரக்கின்றன. வெளியிலிருந்து வாரக்கணக்கில் மருந்து வரும்போது அவை வேலையை நிறுத்திக்கொள்கின்றன. மீண்டும் அவற்றை வேலைக்கு எழுப்ப மாதங்கள், சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். திடீரென்று குளிசையை நிறுத்தினால் வாந்தி, கடுஞ்சோர்வு, குருதி அமுக்க வீழ்ச்சி, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், விபத்து, சத்திரசிகிச்சை போன்ற வேளைகளில் உடலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் ஸ்டெரொயிட் தேவைப்படும். வாந்தியால் குளிசை தங்காவிட்டால் ஊசியாக ஏற்ற வேண்டும். ஆகவே வாந்தி எடுக்கும் நாள் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்.

விரதக்காரர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நான் கந்தசஷ்டிக்கும் கௌரி விரதத்துக்கும் காலையில் பாலும் பழமும் எடுத்துக் குளிசையை விழுங்கிவிட்டே விரதம் இருக்கிறேன். அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை. கிளினிக்கில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் காத்தான்குடி ராத்தா ஒருவர், நோன்பு தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுடன் குளிசை எடுக்கும் ஒழுங்கைச் செய்துகொண்டார். 2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிளினிக்கில் கிடைக்காத குளிசையைப் பாமசி பாமசியாகத் தேடி வாங்கினோம். மாரியில் வெள்ளம் ஏறினால் பாதை அடைபடும் என்பதை 2011 ஜனவரியை மறவாத மட்டக்களப்பாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிழமைக்குக் காணும் குளிசையைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு எப்போதும் வைத்திருக்கிறேன்.

குறைப்பதும் ஒரு தனி அனுபவம்தான். நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியது பெரிதாகத் தெரியவில்லை. பத்துக்குக் கீழே குளிசையைப் பாதியாக உடைத்து ஒவ்வொரு படியாக இறங்கியபோதுதான், முழு உடம்பும் அடித்துப் போட்டதுபோல நொந்தது. இது மருந்து குறைந்ததால் வரும் நோவா, லூப்பஸ் திரும்பி வருகிறதா என்று நோயாளியால் ஊகித்துச் சொல்ல முடியாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் இரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து வைத்தியர்தான் அதைப் பிரித்தறிய வேண்டும். தேவையென்றால் விடியற்காலைக் கோர்ட்டிசோல் அளவையும் பார்ப்பார்கள். ஒரு படியில் நின்று சிறிது காலம் தங்கி, பிறகு இறங்கினோம். ஒருமுறை பழைய படிக்கு ஏற வேண்டியும் வந்தது. அதைத் தோல்வி என்று எண்ணிக் கலங்குபவர்களைக் கிளினிக்கில் அடிக்கடி காண்கிறேன், அதற்குத் தேவையே இல்லை.

கண்ணை விட்டுவிடக் கூடாது. இந்த மருந்தால் வில்லையின் பின்புறத்தில் வெண்புரை படரலாம். கண்ணின் அமுக்கம் ஒரு நோவும் இல்லாமல் உயர்ந்து பார்வை நரம்பைக் கெடுக்கலாம். லூப்பஸுக்குரிய, கண்ணைப் பாதிக்கக்கூடிய இன்னொரு மருந்தான ஹைட்ரொக்சிக்குளோரோகுயினும் எடுப்பதால், ஆண்டுதோறும் கண் கிளினிக்குக்குப் போவது எனக்கு இரண்டு வகையில் அவசியம்.

கைப்பையில் ஒரு மட்டையை மடித்து வைத்திருக்கிறேன். நோயின் பெயர், மருந்தின் பெயர், இன்றைய அளவு, வீட்டுத் தொலைபேசி இலக்கம், "நீண்டகாலம் ஸ்டெரொயிட் எடுப்பவர், மருந்தை நிறுத்தக் கூடாது, மயங்கி விழுந்தாலோ வாந்தி எடுத்தாலோ ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி தேவைப்படும்" என்ற குறிப்பு ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசரிய அம்புலன்ஸில் வருபவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். அளவு மாறும்போதெல்லாம் பழையதை வெட்டிவிட்டுப் புதியதை எழுதி, பக்கத்தில் திகதியும் இடுகிறேன்.